கோட்டு எங்க கடையோடதுதான்

சண்டை போடல்லாம் வரல தம்பி, நீங்க உக்காருங்க. படத்துல இடைவேளைக்கு முன்னாடியே அம்மாவச் சாகடிச்சிட்டீங்களே, அதைக் கேக்க வந்தேன்னு நினைச்சீங்களா? அது பரவால்ல. என் பையனே எனக்கு அம்மா இல்லன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சான். அவன் சொன்ன முதல் பொய்யே நான்தான்.

தண்ணி வேணாம். தியேட்டர்ல இருந்து நேரா வரேன்.

உண்மைக் கதைன்னு போட்டிருந்தீங்க, பெரும்பாலும் உண்மைதான். சலவைக் கடையில இஸ்திரி போடுறவ நான். தையல் விட்டுப்போயிருந்தா அதையும் போட்டுக் குடுத்துடுவேன். கடைக்குப் பின்னால ஒரே ரூம், அதுலதான் நானும் அவனும். தேச்சு மாட்டி வச்ச துணிய, ஆளு வந்து வாங்கறதுக்குள்ள எடுத்துப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவான். டாக்டர் கோட்டு போட்டா டாக்டர், வக்கீல் கோட்டு போட்டா வக்கீல். நடையே மாறிடும். மீசை முளைச்சும் முளைக்காத வயசு, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் எழுந்து நின்னாங்க. எனக்குச் சிரிப்பா வரும். அடுத்தவங்க வயிறு எரிஞ்சது அப்புறம்தானே தெரியுது.

அவன் ஏமாத்தற விதத்தையும் சரியாக் காட்டிட்டீங்க. எடுத்த எடுப்புல பெருசா எதுவும் கேக்க மாட்டான். பேனா, குடைன்னு ஏதாவது இரவல் வாங்குவான். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்துடுவான். அதுக்கப்புறம் நாமளே சாவியத் தூக்கிக் குடுத்துடுவோம்.

ஒரே ஒரு இடம்தான் தம்பி. வெள்ளைக் கோட்டோட நிக்கறான்ல, கசங்கிடக் கூடாதுன்னு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு. அம்மாக்காரி சோறு ஊட்டுறா. அசையாதீங்க டாக்டரேங்கறா. தியேட்டரே சிரிக்குது. நான் மட்டும் முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுட்டேன்.

கற்பனை இல்ல தம்பி, நடந்தது. கதவச் சாத்திட்டுத்தான் ஊட்டுவேன், முதலாளி பாத்தா வேலை போயிடும்ல. நான் சொன்ன அதே வார்த்தை. இதை நான் போலீஸ்லயும் சொல்லல, பேப்பர்காரங்ககிட்டயும் சொல்லல. உங்களுக்கு யாரு சொன்னது?

கூட்டாளியா? கூடவே இருந்தேன்னு சொல்லிட்டு வந்தாரா? என் பையனுக்குக் கூட்டாளின்னு ஒருத்தரும் கிடையாதே. சரி, அவரு உங்ககிட்ட ஏதாவது இரவல் கேட்டாரா, யோசிச்சுப் பாருங்க.

குடையா. மறுநாள் காலையிலயே கொண்டாந்து குடுத்துட்டாரா.

ஏன் தம்பி முகம் இப்படி ஆயிடுச்சு? அப்புறம் என்னத்த வாங்கிட்டுப் போனாருன்னு நான் கேக்கல. அது உங்க பாடு.

படத்துல கடைசில அவன் ஆத்துல பொணமா மிதக்கறான். எல்லாரும் அப்படித்தான் நம்பிட்டிருக்காங்க, இன்னிக்கு வரைக்கும் நானும்தான். ஆஸ்பத்திரியில முகத்தை மூடி வச்சிருந்தாங்க. பாக்கற மாதிரி இல்லம்மா, வேணாம்னாங்க. கோட்டை மட்டும் காட்டுனாங்க. நான் துணியப் பாத்தே பழகுனவளா, காலரத் திருப்பி ஓரத்தைத் தடவிப் பாத்தேன். கோட்டு எங்க கடையோடதுதான், தையல் என் கைத் தையல்தான்னு சொன்னேன். அவ்வளவுதான் தம்பி நான் சொன்னது. சட்டையப் பாத்தா ஆளையே பாத்த மாதிரி எங்களுக்கு. உங்க பையன்தான்னு அவங்க எழுதிக்கிட்டாங்க, நானும் உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டேன். அந்த முகத்தைப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

உயிரோட இருக்கான். சந்தோஷம் இல்லன்னு சொன்னா அது பொய், பெத்த வயிறு கேக்குமா? ஆனா தியேட்டர்ல இருந்து நடந்து வரேன், வழியெல்லாம் யாரோ ஒருத்தி பின்னாலயே வர மாதிரி இருக்கு தம்பி. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். என்னை மாதிரிதான் இருப்பா அவளும், காணாமப்போன புள்ளையத் தேடிக்கிட்டு.

நான் கிளம்பறேன். அவன் திரும்ப வந்தான்னா, வீட்டுப் பூட்ட அம்மா மாத்தலையாம், அதே சாவிதானாம்னு சொல்லுங்க. வரட்டும். முதல்ல ஒரு வாய் சோறு ஊட்டிட்டுத்தான் கேப்பேன், நான் அழுது புதைச்சேனே, அந்தப் புள்ளைக்கு உன் கோட்டை மாட்டிவிட்டது யாருடான்னு.