ரயில் நிற்காத ஊர்

— நீ அனுப்பின லிஸ்ட்லேர்ந்து கிஜ்துவானை அடிச்சிடு. அங்க பார்க்க ஒண்ணும் இல்ல.

— நீங்க அந்த ஊர்லதானே இருக்கீங்க, சித்தப்பா?

— அதனாலதான் சொல்றேன். கேளு டோனியர், ரஷ்யாவுல உனக்குக் கிடைச்சதே ஒம்பது நாள் லீவு. அப்பன் பொறந்த நாட்டுக்கு முதல் தடவையா வர்ற. நாலு நல்ல இடத்தைப் பார்த்துட்டுப் போ. தாஷ்கண்ட்ல ஒரு ராத்திரி போதும். மறுநாளே சமர்கண்ட்.

— அங்க ரெண்டு நாள் போட்டிருக்கேன்.

— மூணு போடு. ரெகிஸ்தான் சதுக்கத்துக்கு விடியக்காலம் போ, கூட்டம் இருக்காது. வர்றவன் எல்லாம் அண்ணாந்து நீல ஓடுங்களைப் பார்த்து வாயைப் பொளப்பான். நீ டைல்ஸ் ஒட்டுறவன், மூலையைப் பாரு. வளைவுல ஓடு எப்படித் திரும்புதுன்னு பாரு. அதை ஒட்டினவனுக்கு முட்டி தேஞ்சு போயிருக்கும்.

— எனக்கு இப்பவே தேஞ்சிடுச்சு. அந்த மூலைங்களைப் பத்தி அப்பா அடிக்கடி சொல்வாரு.

— அவன் எங்க பார்த்தான்? பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டுப் போனப்ப பஸ்ஸுலயே தூங்கிட்டான். நான்தான் பார்த்துட்டு வந்து சொன்னேன்.

— சரி. சமர்கண்ட்லேர்ந்து புகாராவுக்கு உங்க கார்லயே போயிடலாம்னு நினைச்சேன்.

— ரயில்ல போ.

— நீங்க டூரிஸ்ட் வண்டிதானே ஓட்டுறீங்க?

— அந்த ரோட்டுல ஓட்டி ஓட்டி இடுப்பு போனவன் சொல்றேன், ரயில்ல போ. சர்ருன்னு போயிடும்.

— அது கிஜ்துவான்ல நிக்குமா?

— நிக்காது. அதான் அதுல இருக்கிற நல்ல விஷயம்.

— மேப்புல பார்த்தேன் சித்தப்பா. புகாரா ரோடு உங்க ஊர் வழியாத்தான் போகுது. வழியில ஒரு டீ குடிச்சிட்டு, மீன் வறுவல் தின்னுட்டு...

— அதே மீன் புகாராவுலயும் கிடைக்கும். நம்ம ஊர்க்காரன்தான் அங்கயும் வறுக்கிறான். இந்தா, உன் சித்தி தலையில அடிச்சிக்கிறா, வர்ற பிள்ளைகிட்டப் பொய் சொல்றேனாம். நீ கண்டுக்காத. புகாரா முடிச்சிட்டு கீவா. கீவாவுலேர்ந்து மொய்னாக் போ. கடல் வத்திப்போய் கப்பலெல்லாம் மணல்ல நிக்குது. அது வேற எங்கயும் பார்க்க முடியாது.

— ரொம்ப தூரம்.

— இருக்கட்டுமே. சுத்திப் பார்க்க வர்றவனுக்கு தூரம் ஒரு கணக்கா?

— மணல்ல நிக்கிற கப்பலைப் பார்க்க அவ்வளவு தூரம் போகலாம், உங்க வீட்டு முற்றத்துல ஒரு மணி நேரம் உக்காரக் கூடாது. அம்மா ரஷ்யாக்காரிங்கிறதாலயா?

— வாயை மூடு. உங்கம்மா கையால சாப்பிட்டவன்டா நான். கட்டட வேலைக்கு வந்து உங்கப்பனும் நானும் பலகைக் கொட்டாயில வெறச்சுக் கெடந்தப்ப, பானையோட சூப் தூக்கிட்டு வந்தவ அவ. இன்னொரு தடவை அப்படிப் பேசாத.

— அப்ப என்னன்னு சொல்லுங்க.

— இரு. உள்ள உன் தாத்தா இருக்காரு. வண்டிக்குள்ள போய்ப் பேசறேன்... ம். கேளு. அவருக்குத் தெரியாது.

— என்ன தெரியாது?

— உங்கப்பன் சாதிக் செத்தது. அவன் கட்டடச் சாரத்துலேர்ந்து விழுந்த அன்னிக்கு, இங்க இவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில. இப்ப சொன்னா தாங்காதுன்னாங்க. நான் வந்து அங்கயே அவனுக்கு மண்ணு போட்டேன். ஊருக்குத் திரும்பி, சாதிக் வடக்க சுரங்கத்துக்குப் போயிட்டான், அங்க போன் எடுக்காதுன்னுட்டேன். உடம்பு தேறினதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். தேறிட்டாரு. நான் சொல்லல. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?

— நான் வாயைத் திறக்க மாட்டேன்.

— நீ திறக்கவே வேணாம். அவனை உரிச்சு வெச்ச மாதிரி இருக்க. பார்த்ததும் "உங்கப்பன் எங்கடா"ம்பாரு. கேட்டுட்டுச் சுவத்தைப் பார்ப்பாரு.

— சுவத்துல என்ன?

— ரொட்டி. தூர தேசம் கிளம்புறவன் ஒரு ரொட்டியை ஒரு கடி கடிச்சிட்டுப் போவான். மீதி ஆணியில தொங்கும். திரும்பி வந்து அவன்தான் தின்னு தீர்க்கணும். என்னோடதை நான் வந்து டீயில நனைச்சுத் தின்னு முடிச்சிட்டேன். அவனோடது தொங்குது, கல்லாட்டம். பல்லு பதிஞ்ச இடம் அப்படியே இருக்கு. தினம் காலையில நான் சாப்பிட உக்கார்ற நேரம் பார்த்து உன் தாத்தா அதை எடுத்து, சட்டைக் கையால துடைச்சு மாட்டுவாரு. நான் டீயை அப்படியே வெச்சிட்டு வண்டியை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.

— ம்.

— அவருக்கு இருக்கிற சந்தோஷமே ரெண்டுதான். அந்த ரொட்டி ஒண்ணு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து மல்பெரி மரத்தடியில போன்ல பேசறது ஒண்ணு. யாரோ பழைய டிராக்டர் ஷெட் கூட்டாளியாம். பக்கத்துல போனா கோழியை விரட்டுற மாதிரி விரட்டுவாரு. இது ரெண்டையும் கெடுத்துடாத. ரயில்ல போயிடு, ராசா.

— சித்தப்பா, எனக்கு சமர்கண்டும் வேணாம், கீவாவும் வேணாம். கிஜ்துவானுக்கு மட்டும் வரேன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்கன்னுதான் மத்த ஊரையெல்லாம் சேர்த்தேன்.

— இவ்வளவு சொல்லியும் வரேங்கிற. உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இல்லியா?

— அந்த டிராக்டர் கூட்டாளி நான்தான்.

— என்னடா உளர்ற?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கே தாத்தா அப்பா நம்பருக்குக் கூப்பிட்டாரு. போன் எங்கிட்ட இருந்துச்சு. எடுத்தேன், பேச்சே வரல, அழுதுட்டேன். அவருக்குப் புரிஞ்சிடுச்சு. அன்னியிலேர்ந்து வாராவாரம் பேசறோம். இப்ப அவர்தான் வரச் சொன்னாரு, அப்பா ரொட்டியை நான் முடிக்கணுமாம்.

— அப்ப... அவருக்கு முதல்லேர்ந்தே தெரியுமா?

— தெரியும். உன் சித்தப்பன் ஹம்ரோகிட்ட சொல்லாத, அவனா வந்து சொல்லட்டும்னாரு.

— தெரிஞ்சுமா தினம் அந்த ரொட்டியைத் துடைக்கிறாரு?

— அதைப் பார்த்தா இன்னிக்காவது நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் துடைக்கிறாராம்.