மணியாடு

மூடுபனியில் ஆடு மேய்ப்பது ஒன்றும் சிரமமில்லை, ஐயா. மந்தைக்கு முன்னே போகும் ஆட்டின் கழுத்தில் மணி கட்டியிருப்போம். மணியாடு என்போம். பள்ளம் மேடு அதற்குத் தெரியும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்போம். யாரும் தரையைப் பார்ப்பதில்லை. காது போதும்.

தோட்டக் கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாது. எதுதான் தெரியும். எங்கள் மேய்ச்சல் காட்டுக்குத் தரிசு என்று பேர் வைத்தார்கள். ஒவ்வொரு புல்லுக்கும் எங்களிடம் பெயர் உண்டு. அவர்களுக்கு எல்லாமே களை. மருந்தடித்துக் கருக்கிவிட்டு எண்ணெய்ப்பனை நட்டார்கள். வாசலில் ‘பசுமை காப்போம்’ என்று பலகை.

என் தம்பி அங்கே காவலுக்குச் சேர்ந்தான். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில்.

“மணி உன் கழுத்துக்கு வந்துடுச்சாடா?” என்றேன்.

“சிரிச்சுக்கோண்ணே. ஆட்ட மட்டும் வேலிக்குள்ள விட்டுடாத. என் பொழப்புல மண்ணப் போட்டுடாத.”

“வேலியே நம்ம காட்டுலதான இருக்கு?”

“நம்ம காடா இருந்துச்சு. நீயும் ஆட்ட வித்துட்டு வந்துடு. மேனேஜர்கிட்ட சொல்லி வைக்கிறேன்.”

சொல்லி வைக்கிறானாம்.

பிறகு மணியாடு வேலிக்குள் நுழைந்தது. மருந்தடித்த புல்லைத் தின்று நுரை தள்ளிச் செத்தது. தம்பிதான் தோளில் தூக்கி வந்தான். மணியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். அழுதிருந்தான். அந்தச் சட்டையில் அது பார்க்கச் சகிக்கவில்லை.

தோட்டத்து நடுவில் கிணறு வெட்டியிருக்கிறார்கள். சுவர் இல்லை, விளிம்பு தரையோடு தரை. பனி இறங்கிய ஒரு காலையில் அதன் மறுகரையில் உட்கார்ந்து மணியை ஆட்டினேன். ஒரே சீராக ஆட்டக் கூடாது. மேய்கிற ஆடு இரண்டு கடி கடிக்கும், நிற்கும், ஓரடி வைக்கும். அப்படி ஆட்டினேன்.

வந்தான். விசில் ஊதவில்லை. எங்கள் அப்பாவைப் போல நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டான்.

“வா வா. அதத் தின்னாத, மருந்து அடிச்சிருக்கு. இங்க வா.”

சத்தத்தை நோக்கி நேராக நடந்தான். தரையைப் பார்க்கவில்லை. நான் மணியை நிறுத்தவில்லை.

உள்ளேயிருந்து “அண்ணே” என்றான். அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அதுவும் நின்றது.

கூடப் பிறந்தவனைக் கொன்றாயே என்கிறீர்கள். சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் தோட்டத்து ஆளாக மாறி வெகுநாளாயிற்று. எங்கள் ஆளாக இருந்தால் செய்திருப்பேனா, ஐயா?