இடது கன்னத்துப் பொகையெல

இல்லீங்க, பல்வலின்னுதான் நாங்களும் நெனச்சோம். டாக்டரு வாயத் தொறன்னாரு, அவளால ரெண்டு வெரலு நொழையிற அளவுக்குத்தான் தொறக்க முடிஞ்சுது. எஞ் சம்சாரங்க, பேரு தனம். போன வாரம் அவளுக்கு மறுபடியும் சதை எடுத்து சோதனைக்கு அனுப்புனாங்க, அந்த ரிப்போட்டு வாங்கத்தான் இன்னைக்கு நான் மட்டும் திருச்சி வந்தேன். நல்லவேள பஸ்ஸுல எடம் கெடச்சுது, அரியலூரு வரைக்கும் ஒக்காந்தே போயிடலாம்.

சுண்ணாம்புக்கல்லு தோண்டுற குழியில வேல அவளுக்கு. கல்லு சொமந்து மேல ஏறணும். காலையில ஒரு சொம்பு நீச்சத்தண்ணி, அப்புறம் மூணு மணிக்குத்தான் சோறு. நடுவுல பசிச்சா பொகையெலதான். கொஞ்சூண்டு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, இடது கன்னத்துல அடக்கிக்குவா. பசியும் தெரியாது, அசதியும் தெரியாது. எட்டு மாசப் புள்ளய வயித்துல வச்சிக்கிட்டும் அப்புடித்தான் ஏறுனா. எல்லாப் பொம்பளைங்களும் போடுறாங்க, நானும் ஒண்ணும் சொன்னதில்ல. சந்தையில நானே வாங்கியாந்து குடுத்துருக்கேன்.

மொதல்ல காரம் ஒத்துக்கல. கொழம்பு ஊத்துன சோத்தத் தண்ணி விட்டு அலசித் திம்பா. பொறவு கன்னத்து உள்பக்கம் வெள்ளையா ஒரு தடிப்பு, அது புண்ணாச்சு. ஒருநா கஞ்சி குடிக்கயில கடவாப்பல்லு தானாக் கழண்டு கையில வந்துட்டுது. கழண்டப்ப வலியே இல்லன்னா. அப்பத்தான் எனக்குத் திக்குன்னுச்சு.

ஆமாங்க, ஒடனே திருச்சிக்கு அழச்சிட்டுப் போயிட்டேன். போன மாசியில. டாக்டரு என்னைய மட்டும் உள்ள கூப்புட்டுப் பேசுனாரு. அவ வெளிய பெஞ்சில ஒக்காந்திருந்தா. நான் வந்ததும் எம் மூஞ்சியத்தான் பாத்தா. ஆப்பரேசன்லாம் வேணாமாம், மாத்திரையே போதுமாம்னேன். டாக்டரு ரூமு கதவப் பாத்துக் கும்புட்டாளுங்க அவ. அன்னைக்கே பொகையெலய விட்டுட்டா. இருவது வருசப் பழக்கம். கை நடுங்கும், தல சுத்துதும்பா. பக்கத்துல யாராச்சும் போட்டா எந்திரிச்சுப் போயிடுவா. ஆனா தொடல. விட்டா ஆறிடும்னு நம்புனா.

ஆறலிங்க. ஆடியில கழுத்துல நெல்லிக்கா கணக்கா ஒரு கட்டி. இப்ப கன்னத்துல ஓட்ட விழுந்து, குடிக்கிற தண்ணி வெளிய வழியுது. வாட வருதுன்னு யாரையும் கிட்ட விடறதில்ல, பெத்த மவளயும் சேத்து. மவ பேரு ஜானகி. வைகாசியிலதான் கட்டிக் குடுத்தோம்.

இன்னைக்கா? அதே டாக்டருதான். ரிப்போட்டப் பாத்தாரு, பழைய சீட்டையும் பாத்தாரு. இனிமே கத்தி வைக்க முடியாது, புடிச்சதக் கரச்சிக் குடுங்கன்னுட்டாரு. அப்புறம் கேட்டாரு, அன்னைக்கு ஏன்யா கையெழுத்துப் போடலன்னு.

அவரு சொன்னாருங்க. தாடையில பாதிய எடுத்துடணும், எடுத்தா பொழச்சிக்குவான்னு அன்னைக்கே சொன்னாரு. அடுத்த வெள்ளிக்கெழம ஜானகியப் பொண்ணு பாக்க வர்றதா இருந்துச்சு. பாதி மூஞ்சியோட பொண்ணுக்கு ஆத்தா வந்து நின்னா, வந்தவங்க என்ன நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும்னு இருந்துட்டேன். முடிஞ்சப்பறம், அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு அவகிட்ட எப்புடிச் சொல்றது?

அவளுக்கு இன்னும் தெரியாதுங்க. தெரிஞ்சாலும் ஏன்னு கேக்க முடியாது. அவளுக்குப் பேச்சு நின்னு ஒரு மாசம் ஆவுது.