ஏரி பார்க்கப் போன மாப்பிள்ளை

— குறட்டை விடுவீங்களா?

— குறட்டையா? சாயங்காலமே மலையிலேர்ந்து இறங்கிடறோமே மேடம்!

— இன்னைக்கோட முடிஞ்சுடுமா மாப்பிள்ளை? காலம் பூரா கிடக்கே. விடுவீங்களா, மாட்டீங்களா?

— மல்லாந்து படுத்தா கொஞ்சம் வரும். தப்பா நினைச்சுக்காதீங்க, பதிவு பண்ணப்போ முழங்கால் வலி இருக்கான்னு மட்டும்தான் கேட்டாங்க.

— என்னது, பதிவே பண்ணியாச்சா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!

— போன மாசமே பண்ணிட்டேன். ஆன்லைன்லதான்.

— ஆன்லைன்லயா! நல்லா இருக்கு போங்க.

— பிடிக்கலைன்னா முதல் நாள் வரைக்கும் ரத்து பண்ணிக்கலாமாம்.

— அப்படியா? அப்ப நேரம் இருக்கு. அந்த மெத்தைச் செடியை மிதிக்காதீங்க, திரும்ப முளைக்க வருஷக்கணக்கா ஆகும். குடிப்பீங்களா?

— மலையிலயா? கூடாதுன்னு போட்டிருந்துதே. மேடம், இதென்ன, சதுரம் சதுரமா?

— வாம்பேட்னு இங்க ஒரு பிராணி, அதோட புழுக்கை. கீழ போடுங்க. மேடம் என்ன மேடம், கிளெனிஸ் அக்கான்னு கூப்பிடுங்க. உறவாகப் போறோம்.

— டாஸ்மேனியாக்காரங்க பாசமே தனிதான் அக்கா. எங்க ஊர்ல முன்பின் தெரியாதவனை யாரு மாப்பிள்ளைங்கறாங்க?

— ஐயோ, இந்த மனுஷன்கிட்ட ஒரு குறையும் அகப்பட மாட்டேங்குதே! உக்காருங்க, மூணாவது ஏரி வந்தாச்சு. இந்தாங்க சாண்ட்விச். உண்மையைச் சொல்லிடறேன். உங்களைக் கழிச்சுக் கட்டத்தான் நான் இன்னைக்கு வந்ததே.

— ஏரியில தள்ளியா?

— சேச்சே. ஆள் சரியில்லைன்னு சொல்லி. என் தங்கச்சி ராஸ்லின் உங்களோட ஹோபார்ட்டுக்குப் போயிட்டா, டெவன்போர்ட் வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்? ஹீட்டரை நான் கூட்டுவேன், அவ குறைப்பா. இத்தனை வருஷமா அதுதான் எங்க குடித்தனம். இனி நான் வெச்ச சூடு வெச்சபடியே இருக்கும். நினைச்சாலே குளிருது மாப்பிள்ளை.

— கேக்கவே கஷ்டமா இருக்கு அக்கா. ஆனா தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க தங்கச்சியை நான் எதுக்கு ஹோபார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்?

— கட்டிக்கப் போறவர் விட்டுட்டுப் போவீங்களா?

— கட்டிக்கவா? எனக்கு மூணு பிள்ளைங்க, பிரிஸ்பேன்ல பொண்டாட்டி!

— அடப்பாவி! அவளுக்குத் தெரியுமா?

— என் பொண்டாட்டிக்கா? அவளும்தான் அந்தக் கல்யாணத்துல இருந்தா! மேடம், நீங்க வழிகாட்டிதானே? கார் நிறுத்துற இடத்துல “வந்துட்டீங்களா, கிளம்பலாம்”னு சொன்னீங்களே!

— நான் ராஸ்லினைக் கட்டிக்கப் போற மர்ரேன்னு ஒருத்தருக்காகல்ல நின்னேன்! நேர்ல பாத்துக்கோன்னு ஃபோட்டோகூட காட்டலை அவ. நீங்க மர்ரே இல்லையா?

— கெல்வின். வழிகாட்டியோட ஏரி பாக்கப் பதிவு பண்ணினவன்.

— அப்ப அந்தப் பதிவு கல்யாணத்துக்கு இல்லையா... ஐயையோ. இருங்க, அப்ப இங்க வழி யாருக்குத் தெரியும்? மர்ரேக்கு இந்த மலை அத்துப்படின்னு ராஸ்லின் சொன்னதை நம்பி உங்க பின்னாடி வந்தேன்.

— “எந்தப் பக்கம்?”னு நீங்க கேட்டப்பெல்லாம் பரீட்சை வைக்கறீங்கன்னு நினைச்சேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சபாஷ்னு வேற சொன்னீங்க!

— மேகம் இறங்குது. இருங்க, ஃபோன்ல சிக்னல் ஒரு கோடு தெரியுது. ராஸ்லின்! ராஸ்லின், ஸ்பீக்கர்ல போடறேன், கேக்குதா?

— அக்கா! எங்கக்கா போனே? மர்ரே காலையிலேர்ந்து உன்னைத் தேடி அலையறார்.

— ஏதோ ஒரு ஏரிக்கரையில இருக்கேன். சுத்திப் பாத்தா எல்லாமே ஏரிதான்டி.

— மஞ்சள் ஜாக்கெட்தானே போட்டிருக்கே? அப்ப பயப்படாதே. மேட்டுலேர்ந்து உன்னைப் பாத்துட்டாராம், இப்பதான் சொன்னார். உனக்குன்னு கம்பளி, சூடா சூப்பு எல்லாம் எடுத்துக்கிட்டு இறங்கிட்டிருக்கார். நகராம அங்கயே இரு...

— ராஸ்லின்? ராஸ்லின்! கட்டாயிடுச்சு.

— பிழைச்சோம் அக்கா! அதோ பாருங்க, கையை ஆட்டறார். பாவம், வயசான மனுஷன், சறுக்கிச் சறுக்கி ஓடி வர்றார். தங்கமான ஆளாத்தான் தெரியறார்.

— தெரியுதில்ல? அப்ப எந்திரிங்க கெல்வின், அந்தப் பாறைக்குப் பின்னாடி ஓடுங்க! அவர் வந்து நம்மளைக் காப்பாத்திட்டாருன்னா, அப்புறம் எந்த வாயால நான் அவரை வேண்டாம்னு சொல்லுவேன்?