கடல் வராத செவ்வாய்க்கிழமை

பிளேன்டீக்குப் போடும் சீனியை நான் ஒருநாளும் அளந்ததில்லை. நான் ஒரு கஞ்சன், கல்நெஞ்சன் என்று ஊரில் இப்போது ஒரு கதை உலாவுவதால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். என்னுடைய தையலகத்தில் வேலை செய்யும் பதினான்கு பெண்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். காலையில் ஒரு தேத்தண்ணி, பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் ஒன்று, சீனி அவரவர் இஷ்டம். பதினான்கு என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது பதின்மூன்று பேர்.

பொலிஸ் பொறுப்பதிகாரி சேர், வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதும் தாளும் பேனையும் தந்தீர்கள். நன்றி. உங்கள் ஆள் கேட்டுக் கேட்டு எழுதினால் பின்னேரமாகிவிடும். நான் பகல் ளுஹர் தொழுகைக்கு முன் முடித்துவிடுவேன். நேரம் வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. இந்த விசயமே அதனால் வந்ததுதான்.

என் பெயர் இன்ஷாப். வயது முப்பத்தெட்டு. சாய்ந்தமருதுவில் கடற்கரைப் பக்கமாக ஒரு மாடிக் கட்டடம் வைத்திருக்கிறேன். கீழே துணி ஸ்டோர், மேலே தையல் மெசின்கள். கொழும்புக் கடைகளுக்கு அபாயா தைத்து அனுப்புகிறோம். போன வருடம் கொழும்பில் ஒரு ஹோட்டலில் ஊழியர்களின் வினைத்திறனைக் கூட்டுவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி நடந்தது. போனேன். பகல் சாப்பாடு நன்றாக இருந்தது, பாடமும் நன்றாக இருந்தது. ஆளைத் திட்டாதீர்கள், நேரம் எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள் என்றார் அங்கே பேசியவர். எனக்கு அது அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. நான் யாரையும் திட்டும் ஆள் இல்லை.

திரும்பி வந்து ஒரு மாதம் நேரம் குறிக்கும் கொப்பியும் கையுமாக இருந்தேன். தொழுகை நேரத்தை அளக்கவில்லை, அது அல்லாஹ்வுடைய நேரம். ஊர்க்கதையை அளந்து பார்த்தேன். மாமிமாரைப் பற்றிக் கதைக்கும்போது இவர்களின் கை இன்னும் வேகமாக ஓடுகிறது. அதனால் அதை விட்டுவிட்டேன். நூல் மாற்றுவது, ஊசி உடைவது, கரண்ட் போவது எல்லாம் சில்லறை. கொப்பியை வருடக் கணக்கோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோதுதான் பெரிய ஓட்டை எதுவென்று தெரிந்தது. கடல்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்கேயாவது ஒரு நாட்டில் பூமி லேசாக ஆடும். இங்கே ஒருவருக்கு ஒரு கோல் வரும். "கடல் வருகுதாம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஊரே மேற்கே வயல் பக்கம் ஓடும். போன வருடம் மட்டும் மூன்று முறை ஓடினார்கள். ஓடிவிட்டு உடனே திரும்புவார்களா? அன்று முழுக்க மெசின் தூங்கும். மறுநாள் பாதிப் பேருக்குத் தலையிடி, மீதிப் பேருக்கு ஓடிய கதை. மூன்று ஓட்டத்தில் ஐந்து வேலை நாள் போனது. கடலோ வாசல்வரைகூட வரவில்லை.

இவர்களுடைய பைகளையும் சொல்லவேண்டும். பதினான்கு பேரும் மெசினில் ஆளுக்கொரு பையைக் கொழுவி வைத்திருப்பார்கள். உள்ளே அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாம் பொலித்தீனில் சுற்றி. ரெண்டாயிரத்து நாலு சுனாமியில் கடதாசி ஒன்றுகூட இல்லாமல் நின்ற சனம், அதனால் இந்தப் பழக்கம். எனக்குப் புரிகிறது. ஆனால் ஓடுவதற்கென்று பை கட்டி வைத்திருக்கும் ஆள் முழு மனதோடு தைப்பாரா? பைகளையும் போன்களையும் கீழே ஓர் அலுமாரியில் வைக்கச் சொன்னேன். மாடிப்படியின் அடியில் ஓர் இரும்புக் கேற் போட்டு, வேலை நேரத்தில் பூட்டி, திறப்பை என்னிடம் வைத்துக்கொண்டேன்.

நியாயமாக யோசியுங்கள் சேர். கடல் உண்மையாகவே வந்தாலும் உயிர் தப்ப மேல்மாடியை விட நல்ல இடம் எது? மேலே இரண்டு பெட்டி தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் வாங்கி வைத்தேன். கேற்றைப் போட்டது அவர்களைக் காப்பாற்றத்தான் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். சுனாமி வந்த அன்று நான் கொழும்பில் மாமாவின் கடையில் நின்றேன், ரீவியில்தான் பார்த்தேன். அதனால்தான் என்னால் இதை நிதானமாக யோசிக்க முடிகிறது.

கேற்றைப் பற்றி என்னிடம் வந்து கதைத்தது ஒருவர்தான். ஹாஜறா ராத்தா. என்னை விட மூத்தவ, அதனால் ராத்தா. பதினான்கு பேரில் கை மிகவும் சுத்தம் அவவுக்குத்தான். கழுத்து வேலை எல்லாம் அவவிடம்தான் கொடுப்பேன். சுனாமி அன்று அவ மூன்று வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது தண்ணீர் அவனைப் பறித்துக்கொண்டு போனது. பிறகு பிறந்தவள் ஷாஹினா, இப்போது உயர்தரம் படிக்கிறாள், பள்ளிக்கூடம் கடற்கரையோரம். கணவர் மௌத்தாகி ஏழு வருடம். தாயும் மகளும் மட்டும்தான்.

"தம்பி, அந்தக் கேற்றப் பூட்டாதீங்க" என்றா. "அப்பிடி ஒண்டு வந்தா நான் ஓடிப் போய்ப் புள்ளயப் பாத்திட்டு அரை மணித்தியாலத்துல வந்திருவன். விட்ட வேலய அஸருக்குப் பொறகு இருந்து தைச்சித் தாறன்."

"ஒங்களுக்கு மட்டும் தொறந்தா மத்தாக்கள் என்ன செல்லுவாங்க ராத்தா?"

"அவங்களுக்கும் தொறங்க. எல்லாருக்கும் புள்ள இரிக்கிதானே."

அவ கேட்டது ஒரு கணக்குக்கு நல்ல பேரம்தான். அரை மணித்தியாலத்துக்கு அரை மணித்தியாலம். ஆனால் ஒருவருக்கு ஒரு சட்டம் என்று தொடங்கினால் நிர்வாகம் கந்தலாகிவிடும். அன்பாகத்தான் மறுத்தேன். அவ போய் மெசினில் இருந்தா.

கேற் போட்ட பிறகு இந்த வருடம் நாலு முறை அந்தச் சத்தம் வந்தது. முதல் முறை மாசியில். மேலே இருப்பது ஒரேயொரு போன், மேற்பார்வை பார்க்கும் ஸுஹைறாவின் மேசையில். தெற்கே பொத்துவில் பக்கம் கடல் உள்வாங்கிவிட்டதாம் என்று யாரோ அதற்குக் கோல் எடுத்துச் சொல்ல, ஸுஹைறா கத்த, எல்லோரும் படியால் இறங்கி வந்து கேற்றைப் பிடித்து உலுக்கினார்கள். நான் மறுபக்கம் நின்று, விசாரித்துவிட்டேன், ஒன்றும் இல்லை, மேலே போங்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். மெசின்கள் மறுபடி ஓடத் தொடங்க நாற்பத்தேழு நிமிடம். எல்லோருக்கும் ஐஸ்கிறீம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது முறை முப்பத்தொரு நிமிடம். மூன்றாவது முறை பதினான்கு. அந்த மாதம்தான் கொழும்புக் கடையிலிருந்து முதன்முதலாகப் பாராட்டி ஒரு கோல் வந்தது.

நிமிடத்தை எல்லாம் இவ்வளவு சரியாக எப்படிக் குறித்து வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். கோல் எடுத்தது நான்தான் சேர். புதிதாக ஒரு சிம் வாங்கி, கீழே துணி ஸ்டோருக்குள் நின்று, வாயில் ஒரு துண்டை வைத்துக் கதைப்பேன். கதைத்து முடிந்ததும் கேற்றடிக்கு வந்து போனில் நேரம் பிடிப்பேன். பயமும் ஒரு பழக்கம்தானே. திரும்பத் திரும்பப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தால் மனம் தானாகவே அடங்கும். பயிற்சியில் இதைச் சொல்லித் தரவில்லை, இது என்னுடைய சொந்த யோசனை. வேலையும் செய்தது. பதின்மூன்று பேரிடம்.

ஹாஜறா ராத்தா மட்டும் குணப்படவில்லை. மூன்றாவது முறை மற்றவர்கள் மேலே போன பிறகும் அவ கேற்றைப் பிடித்துக்கொண்டே நின்றா. கையை நான்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன். பிறகு அன்று முழுக்க அவவின் தையல் கோணல். இவ்வளவு கெட்டிக்காரிக்கு இப்படி ஒரு குறை இருக்கிறதே என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. ஆகவே நாலாவது முறை அவவுக்காகத்தான் வைத்தேன். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. நல்ல வெயில், கடல் குளம் போலக் கிடந்தது. கோல் எடுத்தேன். ஸுஹைறா கத்தினா. ஆறேழு பேர்தான் படிவரை வந்தார்கள், கேற்றைப் பார்த்தார்கள், தாங்களாகவே திரும்பிப் போனார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டுகூடப் போனா. மேலே மெசின் சத்தம் கேட்டதும் நேரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். ஓடியது பதின்மூன்று மெசின் என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

கேற்றைத் திறக்க மாட்டேன் என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் படிப் பக்கமே வரவில்லை. பின்னால் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்யும் இடத்தில் ஒரு யன்னல், அதற்குக் கம்பி போடவில்லை. அது என் கவனக்குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அதால் ஏறி, பக்கத்து வீட்டு பக்கீர் முகைதீன் காக்காவின் குசினிக் கூரையில் குதித்திருக்கிறா. பழைய அஸ்பெஸ்டஸ் சீற். தாங்கவில்லை.

பக்கீர் முகைதீன் காக்கா ஓடி வந்து, "ஒங்கட ஆள் ஒண்டு எங்கட குசினிக்குள்ள விழுந்து கிடக்கு" என்றார். நான் போனபோது உயிர் இருந்தது. சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தா. என்னைப் பார்த்து, "தண்ணி எவடத்துல வந்திட்டு?" என்று கேட்டா.

"வரல்ல ராத்தா. ஒண்டும் வரல்ல" என்றேன்.

அவ நம்பவில்லை. இதில்தான் எனக்கு மனவருத்தம். நான் சொன்னது சத்தியமான உண்மை, அதையும் நம்பாமல் போய்விட்டா. ஆஸ்பத்திரி வாசலில் உயிர் பிரிந்தது. நான் அழுதேன், பார்த்த சனம் இருக்கிறது. ஜனாஸா அடக்கத்துக்கு வேண்டிய எல்லாம் நானே முன்னுக்கு நின்று செய்தேன். தவறி விழுந்த மரணம் என்று விசாரணையும் முடிந்தது.

ஏழாம் நாள் அவவின் வீட்டில் கத்தம் ஓதினார்கள், போனேன். ஓதி முடிந்து சாப்பாட்டுச் சகன் தட்டு வைக்கும் நேரம், என் சேட் பொக்கற்றில் போன் அடித்தது. அந்தப் புதுச் சிம்முக்கு வந்த கோல். மாத முடிவுவரை டேற்றா மிச்சம் இருந்தது, வீணாகக் கூடாது என்று கழற்றாமல் வைத்திருந்தேன். பார்த்தால், உள்வாசலில் ஷாஹினா போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஸுஹைறாவின் மேசைப் போனில் அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு வந்த இலக்கத்தைத் தேடி எடுத்திருக்கிறாள். கெட்டிக்காரி, தாயைப் போல.

அவள் கத்தவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள். "எங்கட உம்மா பயத்துல குதிக்கல்ல. என்ன எடுக்க வந்தவ. நான் அந்த நேரம் பள்ளிக்கூடத்துல சோதினை எழுதிட்டு இரிந்தன்."

சேர், மூன்று நாளாக உங்கள் அறைக்குள் இருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோல் என்னுடையது, அந்தக் கேற் என்னுடையது, ஹாஜறா ராத்தா செத்தது அந்த இரண்டாலும்தான். எழுதிவிட்டேன், கையெழுத்தும் வைக்கிறேன். அந்தப் பிள்ளை சொன்னதும் சரி. இவர்கள் பயத்தில் ஓடுகிறார்கள் என்று நான் நினைத்ததுதான் பிழை. காரணத்தைப் பிழையாகப் பிடித்துவிட்டு மருந்து கொடுத்திருக்கிறேன். இது இனித் திருத்தக்கூடிய விசயம். மெசின் அறைக்கு மேலே மொட்டைமாடி சும்மாதான் கிடக்கிறது. பிணை கிடைத்ததும் அங்கே ஓர் அறை போட்டு, மின்விசிறி பூட்டி, படிப்பித்துக் கொடுக்க ஓர் ஆளையும் வைத்து, பதின்மூன்று பேரின் பிள்ளைகளையும் வேலை முடியும்வரை அங்கே இருத்தப் போகிறேன். பிள்ளை மேலே இருந்தால் தாய் எங்கே ஓடப்போகிறாள்.