பட்டினிக் கூண்டு

அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஐயா. காகிதம் சரசரத்தால் இலை கடிக்கிற சத்தம் போலவே கேட்கிறது. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

நான் ஆய்வுக்கூடத்தில் வண்டு வளர்ப்பவன். வயல்களையெல்லாம் முள் நிறைந்த ஒரு களைச்செடி மூடிக்கொண்டு வந்தது. அதை மட்டும் தின்கிற வண்டை வெளியிலிருந்து தருவித்து, பெருக்கி, களைக்காட்டில் விடுவது திட்டம். விடுவதற்கு முன்னால் பட்டினிக் கூண்டு உண்டு. களையை எடுத்துவிட்டுக் கத்தரி இலையை மட்டும் போடுவோம். எல்லாம் செத்தால் பயிருக்கு ஆபத்தில்லை என்று பொருள். ஒன்றிரண்டு பிழைத்தால் ஆய்வுக்கூடத் தலைவி மேடத்திடம் சொல்லிவிட்டு எரித்துவிட வேண்டும்.

பட்டினியில் சாவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இலையை முகரும், விலகும், கூண்டைச் சுற்றிச் சுற்றி வரும், மறுபடி முகரும். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்களே, வண்டுக்கும் அப்படித்தான். ஒரு நாள் சில வண்டுகள் கத்தரி இலையைக் கடித்துவிட்டன, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக. அவற்றை எரிக்க மனம் வரவில்லை. "எல்லாம் செத்துப்போச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு வேறு கூண்டுக்கு மாற்றினேன்.

அவற்றின் புழுக்களில் பெரும்பாலானவை செத்தன. மிச்சம் தேறின. பேரப்பிள்ளைகளோ கத்தரியை வெளுத்துக்கட்டின. களையைப் போட்டால் சீந்தக்கூட இல்லை.

இலை கொடுத்தது என் அக்கா. மாமா போன பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் அவளுடைய கத்தரித் தோட்டம்தான் சோறு. "கல்யாணம் பண்ணிக்கடான்னா கேக்க மாட்டேங்கிற, வண்டுக்கு ஊட்டி வளக்குறியாக்கும். பறிச்சுக்கோ, கொழுந்தா பாத்துப் பறிச்சுக்கோ" என்று சிரிப்பாள்.

பிறகு வண்டுகளை வெளியே விட உத்தரவு வந்தது. களை வண்டுகளைத்தான் கேட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், களை தீர்ந்த பிறகு அவை எங்கே போகும்? கூண்டோடு கைலாசம்தான். தெரிந்தே அனுப்புவது பாவமில்லையா? அதனால் பிழைக்கத் தெரிந்தவற்றை அனுப்பினேன். முதல் கூண்டை அக்கா தோட்டத்து ஓரத்தில் திறந்தேன். அந்த இலையைத் தின்று வளர்ந்தவை. முன்பின் தெரியாத இடத்தில் எப்படி விடுவது?

சில நாள் கழித்து அக்கா ஓடி வந்தாள். கையில் ஓட்டை ஓட்டையாக ஓர் இலை.

"இது உன் வண்டாடா? உண்மையச் சொல்லு."

"என்னுது களையத்தான்க்கா திங்கும்."

"மருந்து அடிச்சுடவா?"

"அவசரப்படாத. தானாப் போயிடும்."

நான் படித்தவன், தம்பி வேறு. நம்பிக் காத்திருந்தாள். இலையில் நரம்பு மட்டும் மிஞ்சியது. பிறகு பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்த தோட்டம். இப்போது எங்கேயும் கத்தரி இல்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை என்கிறீர்கள். வருத்தம்தான், இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் கஷ்டப்படுவார்கள், பிறகு எதையாவது தின்னப் பழகிக்கொள்வார்கள். மூன்று பிள்ளைகளில் ஒன்று தேறினால் போதாதா, ஐயா?