ஒரு பெயர், ஒரு பை தவிடு

"நம்ம பொண்ணு பேருக்கு இந்தோனேசியாவுல மீனுன்னு அர்த்தமாம்டி," என்றான் ஜன்னலோரம் இருந்தவன்.

திண்டிவனத்திலிருந்து திருவக்கரை போகும் பேருந்து. வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த நான் அவர்களுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். அவன் குவைத்தில் சமையல் வேலை, லீவில் வந்திருக்கிறான். மனைவி மடியில் கைக்குழந்தை, காலடியில் ஒரு பை தவிடு. பிள்ளை தங்காதவர்கள் அடுத்துப் பிறந்ததைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டுக்குத் திரும்ப வாங்கிப் பெயர் வைப்பார்கள்.

"நிலான்னா நிலாதான? அத ஊரெல்லாம் கேட்டுக்கினு இருந்தீங்களா?"

"ரூம்ல இருக்கறவனுங்கள கேட்டேன். இந்திக்காரன் நீலக் கலருன்றான். மலையாளத்தான் எங்க ஊரு ஆறுன்றான்."

"ரூம்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருக்கான்னீங்களே, அவன் இன்னா சொன்னான்?"

அவன் வெளியே பார்த்தான்.

"சொல்லுங்க, பேஜாரு பண்ணாதீங்க."

"அவங்களோடதுன்னு அர்த்தமாம்."

"எவங்களோடது?"

"எவங்களோடதோ! அதான் சொல்றேன், வேற பேரு வெச்சிடலாம். இன்னும் கோயில்ல சொல்லலையே."

அவள் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பேருந்தில் ஏறியதிலிருந்து இது நான்காவது முறை. மூச்சு வந்தது போலிருக்கிறது, விரலை எடுத்தாள்.

"இதே பேரு இருக்கட்டுங்க," என்றாள். "செத்துப்போன ரெண்டையும் நம்முளுது நம்முளுதுன்னுதான சொல்லிக்கினு இருந்தோம்."